வங்கி பூட்டிய வீட்டைக் காக்க வேண்டியவர் யார்?

நீங்கள் எழுதியிருப்பதை நான் புரிந்துகொண்ட விதத்தில் முதலில் சொல்லிவிடுகிறேன். திருவொற்றியூர் காலடிப்பேட்டையில் உங்கள் தந்தையார் கட்டிய வீட்டைத் தம்பியின் தொழிற்கடனுக்கு அடமானமாக வைத்தீர்கள். தவணை தவறியதால், நீதிமன்ற ஆணையோடு அட்வகேட் கமிஷனர், அதாவது நீதிமன்றம் நியமித்த வழக்கறிஞர், வந்து, சென்ற ஜனவரியில் வீட்டைப் பூட்டிச் சீல் வைத்து வங்கியிடம் ஒப்படைத்துவிட்டார். இரண்டு முறை ஏலம் அறிவித்தும் கேட்க ஆளில்லை. இப்போது மொட்டை மாடியில் தண்ணீர் நிற்கிறது, கைப்பிடிச் சுவரில் அரசஞ்செடி முளைத்திருக்கிறது, தங்கள் சுவரில் ஓதம் ஏறுகிறது என்றும் கொசு தாங்க முடியவில்லை என்றும் பக்கத்து வீட்டார் உங்களிடம் சண்டைக்கு வருகிறார்கள். கிளையில் கேட்டால், “உள்ளது உள்ளபடி விற்கிறோம், ரிப்பேர் எங்கள் வேலையில்லை” என்கிறார்கள். சாவி ஒருவர் கையிலும் நட்டம் இன்னொருவர் தலையிலும் இருக்கும்போது அந்த வீட்டைக் காக்கும் கடமை யாருடையது, சாவி இல்லாத நீங்கள் அதற்கு என்ன செய்ய முடியும் என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

ஒரு பொதுத்துறை வங்கியின் கடன் மீட்புப் பிரிவில் பதினோரு ஆண்டுகள் அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியாக, அதாவது அடமானச் சொத்தை வங்கியின் சார்பில் எடுத்து விற்கும் அதிகாரியாக, இருந்து ஓய்வு பெற்றவன் நான். ராயபுரம், தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டை, வியாசர்பாடி, எண்ணூர் என்று வடசென்னையின் பல வீடுகளின் சாவிகள் என் மேசை இழுப்பறையில் இருந்திருக்கின்றன. சட்டத்தை அலுவலகத்தில் கற்றேன். வீட்டைப் பற்றி அறிந்ததெல்லாம் என்னோடு ஆய்வுக்கு வந்துகொண்டிருந்த ஒரு வயதான கொத்தனாரிடமிருந்து கற்றது. நான் வழக்கறிஞன் அல்லன் என்பதால், வங்கிக் கடன் வழக்குகளை விசாரிக்கும் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போவதாக இருந்தால் உங்கள் காகிதங்களை முழுமையாகப் படித்த ஒரு வழக்கறிஞரின் சொல்லையே இறுதியாகக் கொள்ளுங்கள்.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்கிறேன். வங்கி உங்கள் வீட்டை எடுத்தது, அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிகளுக்கு வழிசெய்யும் 2002-ஆம் ஆண்டின் சர்ஃபாசி சட்டத்தின்படி. அந்தச் சட்டத்தோடு அதே ஆண்டில் வந்த அமலாக்க விதிகளில் 8-ஆம் விதியின் 3-ஆம் உட்பிரிவு, அசையாச் சொத்தின் சுவாதீனம், அதாவது கைவசம், நேரடியாக எடுக்கப்பட்டுவிட்டால் அது அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பொறுப்பிலோ அவர் நியமித்தவரின் பொறுப்பிலோ இருக்க வேண்டும் என்றும், சாதாரண விவேகமுள்ள ஓர் உரிமையாளர் அதே சூழ்நிலையில் தம் சொத்தை எவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்வாரோ அவ்வளவு கவனத்தோடு பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்கிறது. அடுத்த உட்பிரிவு, விற்பனை முடியும்வரை சொத்தைப் பாதுகாக்கவும் தேவைப்பட்டால் காப்பீடு செய்யவும் அந்த அதிகாரி நடவடிக்கை எடுக்க வேண்டும் என்கிறது. ஆகவே பராமரிப்பு என்பது வங்கி இரக்கப்பட்டுச் செய்யும் உதவியன்று. எழுதி வைக்கப்பட்ட கடமை. ஆனால் உங்கள் கையிலுள்ள அறிவிப்பில் இருப்பது குறியீட்டுச் சுவாதீனமா நேரடிச் சுவாதீனமா என்பதை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். கதவில் அறிவிப்பை ஒட்டிவிட்டு, குடியிருப்பவரை அப்படியே விட்டுப்போவது குறியீட்டுச் சுவாதீனம்; அந்த நிலையில் வீட்டைப் பார்த்துக்கொள்வது நடைமுறையில் குடியிருப்பவரின் பாடாகவே இருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்களுடையது நேரடிச் சுவாதீனம்.

“உள்ளது உள்ளபடி” என்ற சொற்றொடரைக் கிளையில் தவறான இடத்தில் பயன்படுத்தியிருக்கிறார்கள். அது வங்கிக்கும் ஏலம் எடுப்பவருக்கும் இடையிலான பேச்சு. வீட்டில் என்ன குறை இருந்தாலும் வாங்குபவர் தெரிந்தே வாங்குகிறார், பிறகு வந்து கேட்கக்கூடாது என்பதே அதன் பொருள். வங்கிக்கும் கடன்தாரருக்கும் (அடமானம் வைத்த நீங்களும் இதில் அடக்கம்) இடையில் 8-ஆம் விதி விதித்த கடமையை அது கழற்றிவிடாது. அந்தக் கடமை ஏன் உங்களுக்கு இவ்வளவு முக்கியம் என்றால், சட்டத்தின் 13-ஆம் பிரிவின்படி ஏலத்தில் வரும் பணத்தில் முதலில் செலவுகளும், அடுத்துக் கடன் பாக்கியும் கழிக்கப்பட்டு, மிச்சம் இருந்தால் அது உரியவருக்குத் திரும்ப வேண்டும். பணம் போதாவிட்டால், குறையும் தொகைக்கு வங்கி கடன் மீட்புத் தீர்ப்பாயத்தில் மீண்டும் உங்கள்மீதே வரலாம். ஓதம் ஏறிய ஒவ்வொரு சுவரும் அடுத்த மதிப்பீட்டில் ஏலத்தின் குறைந்தபட்ச விலையைக் குறைக்கிறது. குறையும் ஒவ்வொரு ரூபாயும் உங்கள் பக்கத்திலிருந்தே போகிறது.

இனி உறுதியில்லாத பகுதி. வங்கி கவனிக்காததால் வீட்டின் விலை குறைந்தது, அந்தக் குறைவைக் கடனில் கழிக்க வேண்டும் என்று நீங்கள் கேட்டால் அது கிடைக்குமா என்பதை எவரும் முன்கூட்டி வாக்களிக்க முடியாது. பூட்டிய நாளில் வீடு எப்படி இருந்தது, இப்போது எப்படி இருக்கிறது, இடையில் நீங்கள் எச்சரித்தீர்களா என்ற மூன்றுக்கும் ஆதாரம் வேண்டும். செலவுக் கணக்கும் அப்படித்தான்: முறையாகச் செய்யப்பட்டதாக வங்கி கருதும் செலவுகளைக் கடன்தாரரிடமிருந்து வசூலிக்கலாம் என்று சட்டம் சொல்வதால், மாடியைச் சுத்தம் செய்யும் கூலியும் காவலாளியின் சம்பளமும் கடைசியில் உங்கள் கணக்கில்தான் ஏறும். மாதம் இரண்டு முறை ஓர் ஆள் வந்து பார்ப்பதே போதுமான ஒரு சிறிய வீட்டுக்கு, இரவும் பகலும் ஏஜென்சிக் காவல் போட்டு, ஓராண்டில் ஏறிய தொகையைப் பார்த்துக் கடன்தாரர் திகைத்துப்போனதை நான் நேரில் கண்டிருக்கிறேன். ஆகவே பராமரிப்பைக் கேட்கும்போதே செலவு விவரத்தை ரசீதுகளோடு கேளுங்கள்.

பூட்டிய வீடு பூட்டிய நாளில் இருந்தபடியே இருக்கும் என்ற எண்ணமே இந்த அலட்சியத்துக்கெல்லாம் வேர். குடியிருக்கும் வீட்டில் நாம் அறியாமலே தினமும் நூறு பராமரிப்புகள் நடக்கின்றன: சன்னல் திறக்கிறோம், துணி காயப்போடப் போகையில் மாடித் துவாரத்திலிருக்கும் சருகைக் காலால் தள்ளிவிடுகிறோம், கழிப்பறையில் தண்ணீர் ஊற்றுகிறோம். இவையெல்லாம் ஒரே நாளில் நின்றுபோனால் வீடு கெடத் தொடங்குகிறது. சென்னைக்கு ஆண்டில் கிடைக்கும் மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான மூன்று மாதத்தில் கொட்டிவிடுவதால், அக்டோபருக்கு முன் மாடித் துவாரங்களைத் திறந்துவிடுவது மற்ற எல்லா வேலைகளையும்விட முதன்மையானது. 600 சதுர அடி மாடியில் 4 அங்குல உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அதன் எடை ஐந்தரை டன்னுக்கு மேல். அதைத் தாங்கினாலும், விரிசல் வழியாக இறங்கும் ஈரத்தை எந்தத் தளமும் நெடுநாள் தாங்காது.

இதை நான் கற்றது என் தவறிலிருந்து. 2015-இல் தண்டையார்பேட்டையில் ஒரு வீட்டுச் சாவி என்னிடம் இருந்தது. செப்டம்பரில் ஒருமுறை போய்ப் பார்த்து, எல்லாம் சரி என்று குறிப்பு எழுதிவிட்டு வந்தேன். நவம்பரிலும் டிசம்பரிலும் பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். ஜனவரியில் கதவைத் திறந்தபோது கூடத்தின் மேற்பூச்சு பாளம் பாளமாகத் தரையில் கிடந்தது. அதன் நடுவில் ஒரு மர ஊஞ்சல் பலகை, அதன்மேல் பச்சைப் பூசணம். கொத்தனார் மாடிக்கு ஏறி, தண்ணீர் போகும் துவாரத்துக்குள் கையை விட்டு, ஒரு ரப்பர் பந்தையும் அதைச் சுற்றிக் கூழாகிப்போன காற்றாடிக் காகிதத்தையும் வெளியே எடுத்துக் கைப்பிடிச் சுவர்மேல் வைத்தார். தெருப் பையன்கள் விளையாடிய பந்து. குடியிருப்பவர் இருந்திருந்தால் அன்றைக்கே எடுத்து வீசியிருப்பார். அடுத்த ஏலத்தில் விலை இறங்கியது. அந்த வீட்டுக்காரப் பெரியவர் கிளைக்கு வந்து, “பூட்டினது நீங்கதானே சார், ஒரு தடவை மேல ஏறிப் பாத்திருக்கலாமே” என்று மட்டும் கேட்டார். சொல்ல எனக்குப் பதில் இருக்கவில்லை. அதன் பிறகு மழைக்காலத்தில் வாரம் ஒருமுறையும் மற்ற நாட்களில் பதினைந்து நாளுக்கு ஒருமுறையும் ஆளனுப்பி, தேதியோடு படம் எடுக்க வைத்தேன்.

உங்கள் தந்தையார் கட்டிய தளம் எது என்பதைப் பொறுத்து ஆபத்து மாறும். வடசென்னையின் பழைய வீடுகளில் இன்னும் மெட்ராஸ் டெரஸ் உண்டு: தேக்கு உத்திரங்களின்மேல் செங்கல்லை விளிம்பில் நிறுத்திச் சுண்ணாம்புக் கலவையில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லி போட்டுத் தட்டோடு பதித்த தளம். அதில் முதலில் கெடுவது சுவருக்குள் புதைந்திருக்கும் உத்திர முனை. வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது, தட்டிப் பார்த்தால் மட்கிய மரத்தின் மந்தமான சத்தம் கேட்கும். அந்தத் தளத்தின்மேல் அவசரத்துக்குச் சிமெண்ட் பூசி மூடுவது உள்ளே இருக்கும் ஈரத்தை வெளியேற விடாமல் அடைப்பதோடு எடையையும் கூட்டும். கான்கிரீட் தளமாக இருந்தால் எதிரி கடற்காற்று. உப்பு கான்கிரீட்டுக்குள் இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பலமடங்கு இடம் கேட்பதால் உள்ளிருந்தே கான்கிரீட்டைப் பிளந்து தள்ளுகிறது. மேற்கூரையில் கம்பி ஓடும் திசையிலேயே நேர்கோடாக விரிசலும் பழுப்புக் கறையும் தெரிந்தால் அது இந்த நோய். நீங்கள் அனுப்பும் படத்தைப் பார்த்து எவரும் தளத்தின் பலத்தைச் சொல்லிவிட முடியாது. ஒரு கட்டடப் பொறியாளர் உள்ளே போய்த் தட்டிப் பார்க்க வேண்டும்.

அரசஞ்செடியைச் சும்மா வெட்டினால் போதாது. தண்டு போனாலும் செங்கல் இடுக்கில் இருக்கும் வேர் அடுத்த மழையில் மறுபடி துளிர்க்கும். முளைத்த இடத்துப் பூச்சைக் கொத்தி வேரை முழுதாக எடுத்து, இடுக்கைக் கலவையால் அடைக்க வேண்டும். ஓர் ஆண்டு விட்டால் கைப்பிடிச் சுவரையே இடித்துக் கட்ட வேண்டிவரும்.

கொசு விஷயத்தில் உங்கள் அக்கம்பக்கத்தார் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு, சாக்கடையைவிட, வீடுகளில் தேங்கும் நல்ல தண்ணீரையே நாடி முட்டையிடும். முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும். மாடித் தண்ணீர், மூடி விலகிய மேல்நிலைத் தொட்டி, மறந்துவிட்ட பூந்தொட்டித் தட்டு எல்லாம் அதற்கு இடம். மேல்நிலைத் தொட்டியைக் காலி செய்து, உட்புறத்தைத் தேய்த்துத் துடைத்து, மூடியை இறுக்கி, வழிந்தோடும் குழாய் வாயில் வலைத்துணி கட்ட வேண்டும். கீழ்த் தொட்டியை, அதாவது சம்ப்பை, மழைக்கு முன் முழுக்கக் காலி செய்யக்கூடாது. நிலத்தடி நீர் மேலே வரும் இடங்களில் காலித் தொட்டியை வெளி நீர் அழுத்திச் சுவரில் விரிசல் விடும். பாதிக்கு மேல் நீரோடு விட்டு, மூடியை வலையோடு சேர்த்து இறுக்குவதே நல்லது. மாநகராட்சியின் திருவொற்றியூர் மண்டலச் சுகாதாரப் பிரிவுக்குப் பக்கத்து வீட்டார் ஒரு புகார் எழுதினால் அவர்கள் ஆய்வு செய்து வங்கிக்கே அறிவிப்பு அனுப்பலாம். பக்கத்து வீட்டாரை எதிரியாக்கிக்கொள்ளாமல் அந்தப் புகாரை எழுத நீங்களே துணை செய்யுங்கள்; அவர்கள் கடிதம் உங்கள் கடிதத்தைவிட வேகமாக வேலை செய்யும்.

கழிப்பறைப் பீங்கானின் வளைவில் நிற்கும் தண்ணீர்தான் சாக்கடை நாற்றத்தையும் கரப்பானையும் தடுக்கிறது. சில வாரங்களில் அது வற்றிவிடும். வங்கியின் ஆள் ஒவ்வொரு முறை போகும்போதும் ஒரு வாளித் தண்ணீரும் அதன்மேல் ஒரு கரண்டி சமையல் எண்ணெயும் ஊற்றினால் வற்றுவது தாமதப்படும். தாழ்வான தெருவாக இருந்தால், பெருமழைக்கு முன் கீழ்த்தளப் பீங்கானில் பிளாஸ்டிக் பையில் கட்டிய மணல் மூட்டையை அழுத்தி வைக்கச் சொல்லுங்கள். பாதாளச் சாக்கடை நிரம்பினால் கழிவுநீர் அந்த வழியாகத்தான் வீட்டுக்குள் ஏறும். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது எண்ணூர், மணலிப் பக்கம் வெள்ளத்தோடு எண்ணெயும் சேர்ந்து வீடுகளுக்குள் வந்தது. குடியிருந்தவர்கள் நாட்கணக்கில் கழுவித் தேய்த்தார்கள். பூட்டிய வீடுகளில் கழுவ ஆளின்றி அது சுவரிலேயே காய்ந்தது.

திருட்டு வழக்கமாக மோட்டாரிலிருந்து தொடங்கும். அடுத்துப் பித்தளைக் குழாய், பிறகு ஒயர், கடைசியில் தேக்குக் கதவு. வீட்டைப் பொறுத்தவரை விதி கேட்பது, சுவாதீன அறிவிப்பை வெளிக்கதவிலோ கண்ணில் படும் இடத்திலோ ஒட்டுவதை மட்டுமே. சுற்றுச்சுவர் முழுக்கச் சிவப்புப் பெயிண்டில் எழுதச் சொல்லி அந்த விதியில் இல்லை. அப்படி எழுதுவது குடும்பத்தை அவமானப்படுத்துவதோடு, உள்ளே ஆளில்லை என்று திருடனுக்கும் அறிவிக்கிறது. நான் செய்தது வேறு: பக்கத்து வீட்டு அக்காவிடம் என் கைபேசி எண்ணைக் கொடுத்து, எந்நேரமும் கூப்பிடலாம் என்று சொல்லிவைப்பேன். அந்த ஏற்பாட்டில் ஒரு மோட்டார்கூட எனக்குத் திருட்டுப் போகவில்லை. மின் இணைப்பைப் பொறுத்தவரை, மெயின் சுவிட்சை அணைத்துவைத்தாலும் கட்டணத்தைக் கட்டி இணைப்பை உயிரோடு வைத்திருக்க வேண்டும். பழைய உரிமையாளரின் மின் பாக்கியைத் தீர்த்தால்தான் ஏலம் எடுத்தவருக்கு இணைப்பு என்று மின்வாரிய விதிகள் கேட்கலாம் என்று உச்சநீதிமன்றம் 2023 மே மாதத் தீர்ப்பில் ஒப்புக்கொண்டிருப்பதால், விவரமறிந்தவர்கள் அந்தப் பாக்கியைக் கணக்கிட்டே விலை கேட்பார்கள். அரையாண்டுக்கு ஒருமுறை வரும் சொத்துவரிக்கும் குடிநீர் வாரிய வரிக்கும் இதே கணக்குதான். பல தீக்காப்பீட்டு ஒப்பந்தங்களில், 30 நாளுக்கு மேல் ஆளில்லாத கட்டடத்துக்குக் காப்பு நின்றுவிடும் என்ற நிபந்தனையும் உண்டு. வங்கி எடுத்திருக்கும் காப்பீட்டில் அது எப்படி இருக்கிறது என்று எழுதிக் கேளுங்கள்.

நீங்கள் செய்யக்கூடாதது ஒன்று: எவ்வளவு ஆதங்கம் இருந்தாலும் பூட்டையோ சீலையோ தொடாதீர்கள், பக்கத்து மாடியிலிருந்து தாண்டியும் இறங்காதீர்கள். நல்ல எண்ணத்தோடு போய்க் குற்ற வழக்கில் சிக்கியவர்களை அறிவேன். பக்கத்து வீட்டார் அனுமதியோடு அவர்கள் மாடியில் நின்று, தேதி தெரியும்படி படம் எடுங்கள். அங்கீகரிக்கப்பட்ட அதிகாரியின் பெயருக்கு, அவர் பெயர் ஏல அறிவிப்பிலேயே இருக்கும், விரைவுத் தபாலில் (ஸ்பீட் போஸ்ட்) ஒப்புகையோடு ஒரு கடிதம் எழுதுங்கள். 8-ஆம் விதியின் 3, 4 உட்பிரிவுகளைக் குறிப்பிட்டு, மாடித் தண்ணீர், செடி, தொட்டி மூன்றையும் ஒவ்வொரு வரியில் சொல்லி, வங்கியின் ஆள் முன்னிலையில் ஒரு நாள் கதவைத் திறந்தால் உங்கள் செலவிலேயே சுத்தம் செய்து தருவதாக எழுதுங்கள். நான் பணியில் இருந்தபோது இப்படி வந்த கடிதங்களை மறுக்க எனக்குக் காரணம் கிடைத்ததில்லை. மறுத்தாலும் அந்த மறுப்பே பின்னால் உங்களுக்கு ஆதாரம். 30 நாளில் பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். ஆனால் இதே விஷயம் தீர்ப்பாயத்தில் நிலுவையில் இருந்தால் அவர் எடுக்கமாட்டார்.

கதவு திறக்கும் அந்த நாளில் இன்னொன்றையும் கேளுங்கள். பூட்டும்போது எழுதிய பொருட்பட்டியலின் நகல் உங்களிடம் இருக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கேட்பது உங்கள் உரிமை. அடமானம் வைத்தது வீட்டைத்தான். பீரோவிலிருக்கும் பள்ளிச் சான்றிதழ்களையும் பூஜையறைப் படங்களையும் அல்ல. குளிர்பெட்டிக்குள் ஜனவரியில் வைத்ததெல்லாம் எடுக்க ஆளின்றி அழுகிக் கிடக்கும், மின்சாரம் இல்லாத அதன் கதவை மூக்கை மூடிக்கொண்டு திறந்து காலி செய்யுங்கள். காகிதங்களை முதலில் எடுங்கள், ஏனென்றால் ஓதமும் கரையானும் முதலில் போவது அங்கேதான். பிறகு சன்னல்களை இரண்டு மணி நேரமாவது திறந்துவையுங்கள். கடற்காற்றில் இறுகிப்போகும் பூட்டுக்கு இரண்டு சொட்டு மெஷின் எண்ணெய் விட்டுவிட்டு, புதிய சீல் வைத்த படத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள். இப்போது ஆகஸ்ட், கடிதம் இந்த வாரமே போனால் மழைக்கு முன் மாடியைக் காயவைத்துவிடலாம்.